அடுத்த இதழ் வரும்வரை

சிந்துபாத்தின் ஆறாவது பயணத்தில் கப்பல் மலையில் மோதிச் சிதறுகிறது. கரையொதுங்கிய இடத்தில் ஓர் ஆறு ஓடுகிறது. அது கடலுக்குப் போகாமல் மலைக்குள்ளே புகுந்து மறைகிறது. அதன் படுகையெங்கும் மாணிக்கக் கற்கள். அவன் தெப்பம் கட்டி அந்த இருட்டுக்குள் இறங்கி, மறுபக்கம் வெளியே வரும்போது அவனை வரவேற்கும் நாடு செரன்தீப், அதாவது இலங்கை. ஆதிபிதா ஆதாம் இறங்கிய மலையையும் அங்கே போய்ப் பார்க்கிறான். இரத்தினபுரி, குருவிட்ட பக்கத்து மனிதர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிவனொளிபாதமலை ஒரு பக்கம், ஆற்றோரத்தில் ‘இல்லம்’ என்னும் சரளைப் படையைத் தோண்டிக் கல் எடுக்கும் குழிகள் ஒரு பக்கம். இந்தத் தீவுக்கு வந்துபோன அரபு வணிகர்கள் கல்லோடு கதையையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கதை பிற்காலத்தில் போய்ச் சேர்ந்த தொகுப்பு, ஒவ்வொரு விடியலிலும் பாதியில் நிறுத்தப்படும் கதைகளைக் கொண்ட 1001 இரவுகள். கதை சொல்லும் சஹ்ராஸாத் நிறுத்துகிறாள், அவளைக் கொல்ல இருந்த அரசன் ஒருநாள் பொறுக்கிறான். அந்த ஒரு பகல் முழுவதும் அவன் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? தெப்பம் கவிழுமா, கரை சேருமா என்றுதானே. இன்று ஒரு மாயக்கதைத் தொடரின் ஏழாம் நூல் வருமுன் ஆறு நூல்களையும் கரைத்துக் குடித்துவிட்டு, இவன் சாவான், அவள் உண்மையில் இன்னாரின் மகள் என்று பந்தயம் கட்டும் வாசகர்களின் பழக்கத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. நான் தேடிப் பார்த்தவரை அது மீண்டும் மீண்டும் இந்தத் தீவைத் தொட்டுக்கொண்டே போகிறது.

ஊகம் முதலில் உயிருக்கு ஆபத்தான விளையாட்டாக இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வி வைக்கிறது. விடை தெரிந்தும் மன்னன் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். திறந்தால் வேதாளம் மறுபடி மரமேறிவிடும். கடைசிக் கதைக்கு அவனுக்கு விடையே தெரியவில்லை. அந்த மௌனத்தால்தான் அவன் வெல்கிறான். 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா இதே வேதாளத்தைப் பல ஆண்டுகள் மாதந்தோறும் மரத்தில் ஏற்றியது. முருங்கை மரத்தடியில் வாளோடு நடக்கும் மன்னனை ஓவியர் சங்கர் வரைந்த சித்திரத்தைப் பார்த்தவுடன், பக்கத்தைத் திருப்புமுன் விடையைச் சொல்லிவிடப் பார்க்காத பிள்ளைகள் எங்கள் தலைமுறையில் குறைவு.

இன்னொரு வகை ஊகமும் இருந்தது. அதற்கு அச்சுறுத்தல் தேவையில்லை, கூர்மையான கண் போதும். அலகேச கதை என்ற பழைய தமிழ்க் கதையில் நான்கு மந்திரிகள் வருகிறார்கள். காணாமல் போன ஒட்டகத்தை அவர்கள் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் அது நொண்டி, ஒரு கண் குருடு, வால் குட்டை, வயிற்றுக் கோளாறு உள்ளது என்று சொல்லிவிடுகிறார்கள். மண்ணில் மூன்று கால்களின் தடமே பதிந்திருந்தது. பாதையின் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மேயப்பட்டிருந்தன. கொசு கடித்த இடத்தில் விரட்ட வால் எட்டாததால் இரத்தத் துளிகள் சிந்திக் கிடந்தன. முன்னங்கால் தடம் அழுத்தமாகவும் பின்னங்கால் தடம் மெலிந்தும் இருந்தது. சிறுவயதில் யாரோ சொல்லக் கேட்ட கதையாகத்தான் இது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

இதன் உறவுக்கதை ஒன்றை 1302இல் டில்லியில் அமீர் குஸ்ரோ பாரசீகக் கவிதையில் வைத்தார். 1557இல் அது வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. அதில் ஒட்டகத்தை ஊகிப்பவர்கள் மூன்று இளவரசர்கள். அவர்கள் எந்த நாட்டவர் என்றால், செரன்தீப்! ஐரோப்பா அந்த இளவரசர்களை விடவேயில்லை. வோல்தேர் 1740களின் இறுதியில் எழுதிய ஸாதிக் கதையில் ஒட்டகம் போய், அரசியின் நாயும் அரசனின் குதிரையும் வந்தன. தடம் பார்க்கும் வித்தை அப்படியே இருந்தது. கடன் வாங்கியதாக ஒரு வரிகூட அவர் சொல்லவில்லை. அக்காலத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

1001 இரவுகளும் அதே நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பாரிசுக்குப் போயின. அந்துவான் கலான் என்ற அறிஞர் முதலில் கையில் எடுத்தது சிந்துபாத்தை மட்டும்தான். அது இன்னும் பெரிய தொகுப்பொன்றின் பகுதி என்று யாரோ சொல்ல, அந்தப் பெரிய தொகுப்பைத் தேடத் தொடங்கினார். 1704 முதல் 1717 வரை 12 தொகுதிகள் வெளிவந்தன. கைப்பிரதி தீர்ந்தபோதும் வாசகர்கள் விடவில்லை. 1709இல் அலெப்போவிலிருந்து பாரிஸ் வந்திருந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் வாய்மொழியாகச் சொன்ன கதைகளைக் கலான் குறித்துக்கொண்டார். அலாவுதீனும் அலிபாபாவும் அப்படி உள்ளே வந்தவர்கள். தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையில் சில சமயம் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழ, சஹ்ராஸாத்தின் அரசன் இருந்த இடத்தில் இப்போது பிரெஞ்சு வாசகர்கள் இருந்தார்கள்.

அந்த இடைவெளியைத் திட்டமிட்டு விற்கலாம் என்று கண்டவர்கள் லண்டன் பதிப்பாளர்கள். 1836இல் சார்ல்ஸ் டிக்கன்சின் பிக்விக் மாதப் பகுதிகளாக, ஒரு ஷில்லிங் விலையில் வரத் தொடங்கியது. ஆரம்பத்தில் சில நூறு பிரதிகளே போயின. சாம் வெல்லர் என்ற வேலையாள் பாத்திரம் நுழைந்த பிறகு சூடு பிடித்து, தொடர் முடியும்போது 40,000 பிரதிகள் விற்றன. முழுப் புத்தகம் வாங்க வசதியில்லாதவர்களும் மாதம் ஒரு ஷில்லிங் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் அடுத்த மாதம்வரை சும்மா இருப்பார்களா? 1840இல் தொடங்கிய பழம்பொருள் கடைத் தொடரில் சிறுமி நெல்லின் உடல்நிலை மோசமானபோது, அவளைச் சாகவிடாதீர்கள் என்று டிக்கன்சுக்குக் கடிதங்கள் குவிந்தன. அது வேண்டுகோள்; ஊகமாக முதிர்வதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

1841 மே 1ஆம் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியாவின் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் எட்கர் அலன் போ ஒரு மதிப்புரை எழுதினார். டிக்கன்சின் பார்னபி ரட்ஜ் அப்போது வாராவாரம் வந்துகொண்டிருந்தது; கதை தொடக்கத்தைத் தாண்டவில்லை. அதற்குள் போ, பல ஆண்டுகளுக்கு முன் நடந்த கொலையைச் செய்தவன் யார் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்: செத்துவிட்டதாக எல்லாரும் நம்பும் காரியஸ்தன்தான் கொலையாளி. அது சரியாகவே அமைந்தது. அவருடைய மற்ற ஊகங்கள் சில பிழைத்தன. நாவல் முடிந்த பிறகு, தான் ஊகித்த வழியில் போயிருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்ற தொனியில் இன்னொரு மதிப்புரையும் எழுதினார். இன்றைய தீவிர வாசகரின் குணம் முழுவதும் அந்த மனிதரிடம் அப்போதே இருந்தது.

போ அதற்கு ஒரு மாதம் முன்புதான் துப்பறிவாளன் துய்பேன் தோன்றும் தம் முதல் துப்பறியும் கதையை வெளியிட்டிருந்தார். அந்தத் துப்பறிவாளனின் முன்னோராக இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ஸாதிக்கைக் காட்டுவார்கள். ஸாதிக்குக்குப் பின்னால் நிற்பவர்கள் செரன்தீப் இளவரசர்கள். ஒட்டகத் தடம் பார்த்த கண், பிலடெல்பியாவில் ஒரு லண்டன் தொடர்கதையைப் பார்த்தது!

டிக்கன்ஸ் 1870 ஜூன் 9இல் இறந்தபோது எட்வின் ட்ரூட்டின் மர்மம் 12 பகுதிகளில் 6 மட்டுமே முடிந்திருந்தது. ட்ரூட் கொல்லப்பட்டானா, உயிரோடிருக்கிறானா என்பதற்கு இனி ஆசிரியரிடம் விடை இல்லை. மற்றவர்கள் முடிவெழுதிப் புத்தகம் போட்டார்கள், நாடகம் போட்டார்கள். 1914 ஜனவரியில் லண்டன் கொவன்ட் கார்டனில் சந்தேகத்துக்குரிய பாத்திரமான ஜோன் ஜாஸ்பருக்கு ஒரு போலி விசாரணையே நடந்தது. நீதிபதி இருக்கையில் ஜி. கே. செஸ்டர்டன், நடுவர் குழுவின் தலைவர் பெர்னாட் ஷா. கொலையாகாத ஆட்கொலைக் குற்றம் என்று நடுவர் குழு அவசரமாகத் தீர்ப்புச் சொல்ல, செஸ்டர்டன் தம்மைத் தவிர அரங்கில் இருந்த அனைவரையும் நீதிமன்ற அவமதிப்புக்காகத் தண்டித்துச் சபையைக் கலைத்தார்.

தமிழுக்கு இந்த ருசி வந்தது டிக்கன்ஸ் வழியாக மட்டும் அல்ல. ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸ் என்ற இன்னொரு லண்டன்காரர் இருந்தார். ஒரு பென்னி விலையில் வாராவாரம் மர்மம் விற்றவர். இங்கிலாந்தின் விமர்சகர்கள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்திய வாசகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்தார்கள். ஆனந்தபோதினி இதழின் ஆசிரியராக இருந்த ஆரணி குப்புசாமி முதலியார் அவருடைய நாவல்களைத் தமிழ்ப் பெயர்களும் தமிழ் ஊர்களுமாக மாற்றி எழுதிக் குவித்தார். பாகம் பாகமாக நீண்ட ஒன்றின் பெயர் இரத்தினபுரி இரகசியம். அது கற்பனை நகரம். நம் களுகங்கைக் கரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் பெல்மதுளைப் பக்கத்து வாசகர் ஒருவர் அந்த அட்டையைக் கையில் எடுத்திருந்தால் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

அச்சுக்கு வெளியேயும் கதையின் முடிவைப் பற்றி வாதம் செய்யும் வழக்கம் தமிழரிடம் இருந்தது. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது காமன் எரிந்தானா, எரியவில்லையா? தஞ்சையை மராத்தியர் ஆண்ட காலத்தில் வந்த லாவணிப் பாட்டு, இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு கட்சியானது: எரிந்த கட்சி, எரியாத கட்சி. இரண்டு பாடகர்கள் விடிய விடியப் புராணத்திலிருந்து ஆதாரம் காட்டி மோதினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து கேட்டது. தோட்டத்துக்கு ஆள் கட்டி வந்த பெரியங்கங்காணிகளோடு காமன் பண்டிகையும் கடல் கடந்தது. இன்றும் மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் கம்பம் ஊன்றி, ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். காமன் எரியப்போகிறான் என்பது கைப்பிள்ளைக்கும் தெரியும். அப்படியும் அந்த இரவில் யாரும் தூங்கப் போவதில்லை. முடிவு தெரிந்த கதையிலும் ஆள் எப்படி எரிகிறான், ரதி எப்படி அழுகிறாள், இந்த வருஷம் யார் நன்றாக ஆடுகிறார் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கிறது.

1950 அக்டோபர் 29இல் கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கியது. மூன்றரை ஆண்டு ஓடிய அந்தத் தொடரில் இரண்டாம் பாகமான சுழற்காற்று பெரும்பகுதி ஈழத்தில் நடக்கிறது. வந்தியத்தேவன் படகேறி வருவது இங்கே. அநுராதபுரத்தில் அருள்மொழிக்கு மகுடம் நீட்டப்படுவது இங்கே. ஊமை ராணி அலைவதும் இங்கேதான். அதற்காகவே ஆசிரியர் கல்கி ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்கு வந்து போனார்.

வாரா வாரம் வாசகரைத் தூங்கவிடாத கேள்விகளில் முதன்மையானது நந்தினியைப் பற்றியது. அவள் யார் மகள்? ஊமை ராணியின் சாயல் அவளுக்கு ஏன்? கல்கி தடயத்தைப் போடுவார், அதை இன்னொரு தடயத்தால் மறைப்பார். மூன்று வாரம் கழித்து ஆழ்வார்க்கடியான் வாயில் பாதி உண்மையை வைப்பார். போ மாதிரியான ஒருவர் தமிழில் பிறந்திருந்தால் கும்பகோணத்திலிருந்து ஒரு மதிப்புரை எழுதி எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பார். தமிழ் வாசகர்கள் கடிதம் எழுதினார்கள்.

இதழ் கடல் கடந்த வழி, நம் மூதாதையர் வந்த வழிதான். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கம் இறங்கிய தபால் கொழும்பு வந்து, களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய பாதைக் கோச்சியில் ஏறும். அந்தப் பாதை 1912இலேயே இரத்தினபுரியைத் தொட்டிருந்தது. அவிசாவளையில் பிரிந்து போன கிளை யட்டியாந்தோட்டைவரை ஓடிக்கொண்டிருந்தது, 1942இல் மூடப்படும்வரை. பொன்னியின் செல்வன் வந்த காலத்தில் கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டங்களுக்கு அந்தக் கிளை இல்லை. சென்னைக்காரருக்கு ஒரு வாரமான இடைவெளி இங்கே இன்னும் நீண்டது. தோட்டத்தில் எழுத்து தெரிந்தவர்கள் கொஞ்சம். கணக்கப்பிள்ளையோ பள்ளிக்கூட வாத்தியாரோ வாசிக்க மற்றவர்கள் கேட்பது வழக்கம். பால்வெட்டு முடிந்து வாளி கழுவி வீடு வந்த பிறகுதான் கதைக்கு நேரம். இடைவெளி எவ்வளவு நீளமோ அவ்வளவு ஊகம். தபால் தாமதம்தான் இந்தக் கலையின் உண்மையான புரவலர் என்பேன்.

அதே ஆண்டுகளில் அந்த வாசகர்களின் சொந்தக் கதையும் பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது; அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேர்? பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் ‘பிறகு’ வர 1974 ஆனது. பத்து வருஷம் ஒரு மனிதன் தான் எந்த நாட்டுக்காரன் என்று ஊகித்துக்கொண்டு கொழுந்து எடுத்தான், பால் வெட்டினான். சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட வாழ்வை நாவலாக்கித் தினகரனில் தொடராக எழுதியபோது, அடுத்து என்ன ஆகும் என்ற கேள்விக்குள் வாசகரே பாத்திரமாக நின்றார். ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டு மாதத்தில், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கதை வந்த பாதையின் ஒரு முனையும் அதோடு போனது.

1970களில் இந்திய வணிக இதழ்களின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியத் தொடர்களைப் பாதியில் விட்ட வாசகர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் அந்த வெற்றிடத்தை உள்ளூர் வியாபாரம் கண்டுகொண்டது. வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் அடுத்தடுத்து வெளியிட்டது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ தொடர் வந்தபோது, வானொலிப் பெட்டி உள்ள வீட்டு வாசலில் அக்கம்பக்கம் எல்லாம் கூடியது.

பொன்னியின் செல்வனோ 1954 மே மாதமே முடிந்திருந்தது. முடிந்தது என்பதை வாசகர் ஏற்கவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார், பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கேள்விகள் வந்தன. கல்கி ஒரு முடிவுரை எழுதி, சிலவற்றுக்கு விடை தந்து, மிச்சத்தை இளம் எழுத்தாளர்கள் எடுத்து எழுதலாம் என்று வாசலைத் திறந்துவைத்தார். அந்த டிசம்பரில் அவரும் போய்விட்டார். ட்ரூட்டுக்கு நடந்தது இங்கே நல்லவிதமாக நடந்தது. விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதினார். பாலகுமாரன் ராஜராஜனை வைத்து உடையார் எழுதினார். வேறு பலரும் தொடர்ந்தார்கள். நகல் என்று இவற்றைத் தள்ள எனக்கு மனம் வராது. தொடர்ந்து எழுதுவதும் ஊகத்தின் ஒரு வடிவம்தான். தாளில் கடைசிவரை கொண்டுபோன ஊகம்.

இந்தப் பழக்கத்தைத் தற்கால ஆங்கில மாயக்கதைகள் பெரும் வியாபாரமாக்கின. 2007 ஜூலை 21இல் ஹாரி பொட்டரின் கடைசி நூல் வருமுன் ஸ்னேப் என்ற பாத்திரம் நல்லவரா கெட்டவரா என்று உலகம் இரண்டானது. அமெரிக்காவின் போர்டர்ஸ் புத்தகக் கடைகள் இரண்டு தரப்புக்கும் தனித்தனி ஒட்டுவில்லைகள் அடித்துக் கொடுத்தன. எரிந்த கட்சிக்கும் எரியாத கட்சிக்கும் ஒட்டுவில்லை கொடுக்கத் தஞ்சாவூரில் அப்போது ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் சிம்மாசனத் தொடர் 1996இல் தொடங்கியது. அதில் வரும் ஜோன் ஸ்னோவின் தாய் யார் என்பதை முதல் நூல் வந்த ஓரிரு ஆண்டுகளிலேயே கூர்மையான வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நந்தினியின் பிறப்பைப் பற்றி மல்லுக்கட்டிய தமிழருக்கு இது பழகிய தடம். தொடரைத் தொலைக்காட்சிக்கு எடுக்க விரும்பிய பெனியோஃப், வைஸ் இருவரிடமும் மார்ட்டின் கேட்ட கேள்வியும் அதுதான்: ஸ்னோவின் தாய் யார்? சரியாகச் சொன்னார்கள், உரிமை கிடைத்தது. வாசகர்கள் ஊகித்துவிட்டார்களே என்பதற்காகக் கதையை மாற்றமாட்டேன், மாற்றினால் முதல் நூலில் போட்ட தடயங்கள் எல்லாம் பொய்யாகிவிடும் என்றும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வாசகருக்குக் காட்டும் மரியாதை என்று இதைவிடப் பெரிதாக ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை. ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. ஆறாவதற்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

பொன்னியின் செல்வனுக்கு அந்தக் காத்திருப்பு மறுபடி ஒருமுறை வாய்த்தது. மணிரத்னம் எடுத்த திரைப்படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30இல் வந்து, அருள்மொழி கடலில் மூழ்குவதோடு நின்றது. இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28இல். நடுவில் ஏழு மாதம். நூலைப் படித்தவர்கள் படிக்காதவர்களிடம் வாய் மூடியிருக்கத் திணறினார்கள். படித்தவர்களுக்கே தெரியாத ஒன்றும் இருந்தது: கரிகாலன் கொலையை இயக்குநர் எப்படி முடிப்பார்? கல்கி அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டதால் எழுபது வருஷம் கழித்தும் திரையில் ஊகிக்க இடமிருந்தது.

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களும் உறவினரும் இழந்த நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. நாவலைப் படித்துவிட்டு அந்தக் கல்லைத் தேடிப் போகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பெயர்கள் கிடைக்கின்றன. அவர்களைத் தூண்டியது யார் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அதில் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி முதல் நேற்றுக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்வரை ஆளுக்கொரு கட்சி.